ஒலிபெருக்கியின் முதுகில் ஒரு காந்தம்

நம் பள்ளி ஆண்டு விழாவுக்கு முதல் நாள் மாலை. மேடையின் இருபுறமும் வைக்க வேண்டிய ஒலிபெருக்கிப் பெட்டிகள் ஒரு சிறு லாரியில் வந்து இறங்கின. நடனப் பயிற்சிக்காகக் காத்திருந்த நாங்கள், பத்தாம் வகுப்பு மாணவியர், வேடிக்கை பார்த்துக் கொண்டிருந்தோம். மேலே வைக்கும் சிறிய பெட்டிகளை ஆளுக்கொன்றாகத் தோளில் ஏற்றிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்கள். ‘பேஸ் பாக்ஸ்’ என்னும் பெரிய கரிய பெட்டியையோ நான்கு பேர் சேர்ந்து தூக்கியும், மேடைப் படியில் இருமுறை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். அந்நால்வரில் இளையவருக்கு எங்களைவிட மூன்று நான்கு வயதுதான் கூடுதலாக இருக்கும்.

“ஏனுங்கண்ணா, பெட்டிக்குள்ளே என்னங்க இத்தனை பாரம்?” என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள்.

“மரமும் பாரந்தான் அம்மிணி. ஆனா உள்ளே ரெண்டு ஸ்பீக்கர் இருக்குது. அதுக்குப் பின்னாடி இருக்கற காந்தந்தான் ஆளை அமுக்குது. லேசான காந்தமும் இருக்குதுங்க. அதுக்குக் காசு வேணுமே!” என்றார் ஒலிபெருக்கி நிலையத்து உரிமையாளர்.

காந்தத்தில் காசுக்கேற்ற கனமும் உண்டா? எங்கள் இயற்பியல் ஆசிரியையான சகோதரியிடம் மறுநாளே கேட்டோம். அவர் விடையைக் கூறாமல், பழுதாகிக் கிடந்த ஒரு ஒலிபெருக்கியை ஆய்வுக்கூட மேசைமேல் வைத்து, “பிரித்துப் பாருங்கள்” என்றார். நாங்கள் கண்டதையும் பின்னர்த் தேடிப் படித்ததையும் இங்கே எழுதுகிறோம்.

காகிதக் கூம்பின் அடியில் மெல்லிய செம்புக் கம்பிச் சுருள் ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. அதைச் சுற்றி நூலிழை அளவே இடைவெளி. அந்த இடைவெளியில்தான் காந்தப்புலம் குவிந்து நிற்கிறது. ஒலிக்கேற்பச் சுருளில் மின்னோட்டம் மாறும்போது சுருள் முன்னும் பின்னும் துடிக்க, கூம்பு காற்றைத் தள்ளுகிறது. மின்னோட்டம் பாயும் கடத்தியின்மீது காந்தப்புலம் விசை செலுத்தும் என்று பத்தாம் வகுப்புப் பாடத்தில் படிப்பது இதுவே. இடைவெளியில் புலம் வலுவாக இருந்தால் அதே மின்சாரத்துக்கு ஒலி ஓங்கும். வீட்டு வானொலிக்குச் சிறு காந்தம் போதும். காவிரிக் கரையில் ஆடிப் பதினெட்டுக்குக் கூடும் கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமானால் காந்தம் பெரிதாகத்தான் வேண்டும். ஆகவேதான் காந்தத்தின் விலை ஏறினால் வானொலிப் பெட்டி செய்பவரைவிட மேடை ஒலிபெருக்கி செய்பவருக்கே அடி பலமாக விழுகிறது.

1931இல் ஜப்பானியப் பேராசிரியர் மிஷிமா, இரும்பில் நிக்கலும் அலுமினியமும் கலந்து ஒரு வலிய காந்தத்தைக் கண்டறிந்தார். பின்னர்க் கோபால்ட்டும் அதில் சேர்ந்தது. அலுமினியம், நிக்கல், கோபால்ட் ஆகிய மூன்றின் முதலெழுத்துகளைக் கூட்டி ‘ஆல்நிகோ’ என்று பெயர் வழங்கலாயிற்று. பெரும்பான்மையாகப் பயன்பட்ட ஆல்நிகோ வகையில் ஏறத்தாழ கால் பங்கு கோபால்ட். திரையரங்குகளிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் பல்லாண்டு ஆட்சி செலுத்தியது இக்காந்தமே.

கோபால்டின் பெரும்பகுதி ஆப்பிரிக்காவில் ஸயர் என்று அன்று அழைக்கப்பட்ட நாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. இன்று அது காங்கோ ஜனநாயகக் குடியரசு. 1978ஆம் ஆண்டு மே மாதம் அந்நாட்டின் ஷாபா மாநிலத்துக்குள் கிளர்ச்சிப் படையினர் புகுந்து கொல்வேசி என்னும் சுரங்க நகரைக் கைப்பற்றினர். சுரங்கப் பணி நின்றது. பவுண்டு 7 டாலருக்கும் குறைவாக விற்ற கோபால்ட் 1979இல் 25 டாலரைத் தொட்டது. வெளிச்சந்தையில் அதற்கும் மேல். பிலிக்கல்பாளையத்தில் ஒரு வாரம் வெல்லம் விலை ஏறினால் மறு வாரம் இறங்கிவிடும் என்று கரும்பு விவசாயி காத்திருப்பார். ஒலிபெருக்கித் தொழிற்சாலைக்குக் காத்திருக்க வழியில்லை. கொடுத்த வாக்குப்படி சரக்கு அனுப்ப வேண்டுமே!

அமெரிக்க நாட்டின் புகழ்பெற்ற ஜேபிஎல் நிறுவனம் என்ன செய்தது என்பதைப் படித்தபோது எங்களுக்கு வியப்பாக இருந்தது. தன் பெயர்பெற்ற மாதிரிகளை ஒவ்வொன்றாக ஆல்நிகோவிலிருந்து ஃபெரைட்டுக்கு மாற்றியது. 4343 என்னும் ஒலிப்பதிவுக் கூடப் பெட்டி 4343பி ஆயிற்று. இசைக் குழுவினர் விரும்பி வாங்கிய கே120, கே130, கே140 என்னும் வரிசை மறைந்து இ120, இ130, இ140 என்னும் வரிசை வந்தது. வாங்கியவர்களுக்கு ஓர் எழுத்துதான் மாறியது. அந்த எழுத்துக்குப் பின்னே ஆப்பிரிக்கச் சுரங்க நகரொன்றின் சண்டை இருந்தது என்பதை எத்தனை பேர் அறிந்திருப்பார்களோ!

ஃபெரைட் என்பது உலோகமன்று. இரும்பு ஆக்சைடுடன் பேரியம் அல்லது ஸ்ட்ரான்ஷியம் சேர்மத்தைக் கலந்து அழுத்திச் சூளையில் சுட்டெடுக்கும் ஒருவகைப் பீங்கான். 1950களின் தொடக்கத்தில் ஹாலந்து நாட்டு பிலிப்ஸ் ஆய்வுக்கூடம் தந்த கொடை. மூலப்பொருள் எங்கும் கிடைப்பதால் விலை மலிவு. ஆனால் ஆல்நிகோ அளவுக்கு அடர்ந்த வலிமை அதற்கில்லை. ஆகவே நடுவில் துளையிட்ட தோசைக்கல் போன்ற பெரிய வளையமாகச் செய்து ஒலிபெருக்கியின் பின்புறம் ஒட்ட வேண்டியிருக்கிறது. எங்கள் மேசைமேல் இருந்தது இதுவேதான். பெட்டி கீழே விழுந்தால் இவ்வளையம் ஒட்டு விட்டு நகர்ந்துவிடும். சுருள் போய் இரும்பில் உரசி நின்றுவிடும். நாங்கள் பிரித்த ஒலிபெருக்கியும் அப்படித்தான் இறந்திருந்தது.

ஆல்நிகோவை எடுத்துவிட்டு ஃபெரைட்டை வைத்தவுடன் முன்பிருந்த ஒலித் தெளிவு கிடைத்துவிடவில்லை. ஜேபிஎல் பொறியாளர்கள் நடுத்தண்டின் வடிவத்தைத் திருத்தி, அதன் அடியில் ஓர் அலுமினிய வளையத்தையும் சேர்த்து அக்குறையைப் போக்கினர். விலையேற்றம் வந்திராவிட்டால் இவ்வுழைப்புக்கு அவர்கள் அப்போது இறங்கியிருப்பார்களா என்பது எங்களுக்கு ஐயமே.

சரி, உரிமையாளர் சொன்ன அந்த ‘லேசான காந்தம்’ எது? அதுதான் நியோடிமியம். நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றும் கலந்த இக்காந்தத்தை 1983இல் ஜப்பானில் சகாவா குழுவினரும் அமெரிக்காவில் க்ரோட் குழுவினரும் தனித்தனியே அறிவித்தனர். ஃபெரைட்டைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு ஆற்றலை இதே கன அளவில் அடக்கலாம். 1990களில் மேடை ஒலிபெருக்கிகளில் இது பரவலாயிற்று. 18 அங்குல ஒலிபெருக்கி ஒன்றில் ஃபெரைட்டுக்குப் பதில் இதை வைத்தால் பல மாதிரிகளில் மூன்று நான்கு கிலோ குறைகிறது. உச்சியில் மாலைபோல் தொங்கவிடும் பெட்டி வரிசைகளுக்கு இது பெரும் வரப்பிரசாதம்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஃபெரைட் 6 கிலோ வேண்டிய இடத்தில் நியோடிமியம் 1 கிலோ போதும் என்று கொள்வோம். ஃபெரைட் கிலோ 1 பங்கு விலை, நியோடிமியம் 10 பங்கு விலை என்றால், 6க்கு 10. லாரி வாடகையும் ஆள் கூலியும் மிச்சமாவதால் இந்த வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம். நியோடிமியம் விலை நான்கு மடங்கானால்? 6க்கு 40! கணக்கு அங்கே முறிந்துவிடுகிறது.

2010, 2011ஆம் ஆண்டுகளில் நடந்தது ஏறக்குறைய இதுதான். உலகின் அருமண் உலோகங்களில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் அப்போது சீனாவிலிருந்தே வந்தது. 2010இல் சீனா ஏற்றுமதி அளவை வெட்டியது. 2011 நடுப்பகுதிக்குள் நியோடிமியம் விலை பல மடங்கு உயர்ந்தது. தயாரிப்பாளர்கள் பேஸ் ஒலிபெருக்கிகளில் ஃபெரைட் மாதிரிகளை மீண்டும் முன்னுக்குக் கொண்டுவந்தனர். உச்ச ஒலிக்கான சிறு ஒலிபெருக்கிகளிலும் தொங்கவிடும் பெட்டிகளிலும் நியோடிமியத்தை விடாமல் வைத்துக்கொண்டனர். முன்னதில் காந்தம் சிறிது, செலவும் சிறிது. பின்னதில் கூரை தாங்கும் எடைக்கு எல்லை உண்டு. 2012இல் விலை இறங்கிவிட்டது. ஆயினும் ஒரே நிறுவனம் இரு காந்தங்களிலும் மாதிரிகளை வைத்திருப்பது இன்றும் தொடர்கிறது. எங்கள் மேடைக்கு வந்த பெட்டிகள் ஒன்று தோளுக்கும் மற்றொன்று நால்வருக்கும் ஆனதற்கு அளவு மட்டுமின்றி இதுவும் காரணம்.

இத்தனை தூரம் போய்த் தேடிய பொருள் நம் தமிழ்நாட்டுக் கடற்கரையிலேயே கிடக்கிறது! 1909இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர், இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கண்டு, குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் மோனசைட் இருப்பதை அறிந்தார். அன்று அது விளக்கு வலைக்குத் தேவைப்பட்டது. அந்த மோனசைட்டில் நியோடிமியமும் உண்டு. 1950இல் தோன்றிய இந்திய அருமணல் நிறுவனம் அங்கே மணல் பிரிக்கிறது. பிரித்த உலோகத்தைக் காந்தமாக்கும் தொழில்தான் நம் நாட்டில் போதிய அளவில் வளரவில்லை. 2025 ஏப்ரலில் டிஸ்ப்ரோசியம் முதலிய ஏழு அருமண் உலோகங்களுக்குச் சீனா உரிமக் கட்டுப்பாடு விதித்தபோது நம் வாகனத் தொழிற்சாலைகளே கலங்கின. அவ்வாண்டு நவம்பரில் மத்திய அரசு காந்தத் தொழிலுக்காக 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மற்றொரு பக்கமும் உண்டு. கிள்ளியூர்ப் பகுதியில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தைக் கடலோர மீனவ மக்கள் 2024இல் எதிர்த்துப் போராடினர். அவர்கள் கேட்கும் விலையை எந்த விலைப்பட்டியலிலும் நாங்கள் காணவில்லை.

ஆண்டு விழா முடிந்த இரவு, பெட்டிகள் லாரியில் ஏறும்போது உரிமையாளரிடம் மீண்டும் பேசினோம். பங்குனித் தேருக்குள் இரண்டு பேஸ் பாக்ஸ் புதிதாக வாங்கப் போகிறாராம். எந்தக் காந்தம் என்றோம்.

“ரெண்டு விலையும் கேட்டு வெச்சிருக்கறனுங்க. பையன் ஒருத்தனுக்குப் போன மாசம் இடுப்புப் பிடிச்சுக்கிச்சு. லேசானது வாங்கலாம்னு மனசு சொல்லுது; பேங்குத் தவணை வேண்டாம்னு சொல்லுது. பார்க்கலாம் அம்மிணி,” என்று சொல்லிவிட்டு, பெட்டியின் நான்காவது மூலையைத் தாமே பிடிக்கப் போனார்.