விஷம் கொடுத்தது மகளா? தாயா?
போரும் காதலும் கலந்த கொங்கு நாட்டுக் கதைகள்

மேட்டுப்பாளையம் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது ஊட்டி மலை ரயில். அடுத்து, பாக்குத் தோப்பும் உருளைக்கிழங்கு மண்டியும்.

ஆனால், அந்த ஊருக்கு ஒரு போர்க் கதையும் உண்டு. அந்தப் போரில் ஒரு காதல். அந்தக் காதலுக்குள் ஒரு குடும்ப ரகசியம்!

மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில், பவானி ஆற்றங்கரையில் வனபத்ரகாளியம்மன் கோவில் இருக்கிறது. ஆடி மாதம் குண்டம் திருவிழா. பக்தர்கள் வரிசையாக வந்து தீ மிதிப்பார்கள்.

முன்னொரு காலத்தில், போருக்குப் புறப்பட்ட ஒரு வாலிபன் இந்த அம்மனை வணங்கி விட்டுப் போனான் என்பது கோவிலின் வரலாறு. அவன் பெயர் அல்லிமுத்து. அவன் போரிடப் போனது ஆண்களோடு அல்ல, ஏழு பெண்களோடு!

ஏழு சகோதரிகள்

ஆரவல்லி, சூரவல்லி முதலிய ஏழு சகோதரிகள் ஒரு நாட்டை ஆண்டு வந்தார்கள். மந்திர தந்திரங்களில் கைதேர்ந்தவர்கள். அவர்கள் நாட்டில் பெண்கள் வைத்ததுதான் சட்டம்.

அவர்களை அடக்க பீமன் போனான். மலையைப் பெயர்க்கும் பீமன், அந்தப் பெண்களிடம் தோற்றுச் சிறைப்பட்டான். கண்ணன் வந்து அவனை மீட்க வேண்டியதாயிற்று.

"இனி யாரை அனுப்புவது?" என்று பாண்டவர்கள் யோசித்தார்கள். அவர்களுடைய சகோதரியின் மகன் அல்லிமுத்து முன்வந்தான். அவன் இளைஞன். பெற்றவளுக்கு அவனை அனுப்ப மனம் இல்லை. ஆனாலும் போனான், வென்றான்.

தோற்ற ஆரவல்லி ஒரு முடிவுக்கு வந்தாள். தன் மகள் பல்வரிசையை அல்லிமுத்துவுக்கு மணம் செய்து கொடுத்தாள். பகை தீர்ந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். மணமக்கள் ஒருவர் மீது ஒருவர் ஆசை வைத்தார்கள்.

வழியில் வந்த மரணம்

பகை தீரவில்லை. ஆரவல்லியின் நெஞ்சில் அது ஒளிந்து கொண்டிருந்தது.

மணமக்கள் புறப்பட்டார்கள். வழியில் தாகம் எடுத்தால் கணவனுக்குக் கொடுக்கும்படி, மகளிடம் ஒரு பானத்தைக் கொடுத்து அனுப்பினாள் தாய். அதில் விஷம் கலந்திருந்தது. அது மகளுக்குத் தெரியாது.

நடுவழியில் அல்லிமுத்துவுக்குத் தாகம். பல்வரிசை அன்போடு எடுத்துக் கொடுத்தாள். குடித்தவன் சாய்ந்தான்.

புதுப்பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள்! ஒரு பக்கம் பெற்ற தாய். மறு பக்கம் தாலி கட்டியவன். "நான் அறியேன்" என்று அவள் சொன்னால் நம்புவார் யார்? எதிரியின் மகள்தானே அவள்! விஷம் கலந்தது தாயின் கை. ஆனால், கொடுத்தது மகளின் கை. பழி யாரைச் சேரும்?

அபிமன்யு பெரும்பாடு பட்டு, அல்லிமுத்துவுக்கு மீண்டும் உயிர் வரச் செய்கிறான் என்று கதை போகிறது. பாடுவோருக்குப் பாடுவோர் சில கட்டங்கள் மாறும். ஆனால், விஷம் கொடுத்த கட்டம்தான் கேட்பவர் நெஞ்சில் நிற்கும்.

புதிதாக எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர்களுக்கு என்றே "பெரிய எழுத்து"ப் புத்தகங்கள் ஒரு காலத்தில் திருவிழாக் கடைகளில் விற்றன. ஆரவல்லி கதையும் அப்படி அச்சாகி வீடு வீடாகப் போயிற்று. ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்பார்கள். 1957-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அதை "ஆரவல்லி" என்று படமாக எடுத்தது.

காப்பாற்றிய ரகசியம்

உயிரை எடுத்த ரகசியம் அது. உயிரைக் காத்த ரகசியமும் கொங்கு நாட்டுக் கதையில் உண்டு. அதுதான் அண்ணன்மார் கதை. பொன்னர்-சங்கர் கதை என்றும் சொல்வார்கள். உடுக்கை அடித்து, இரவு இரவாகப் பாடுவது வழக்கம்.

குன்றுடையான் பெற்றோரை இழந்தவன். பங்காளிகளால் துரத்தப்பட்டவன். அவனை மணந்தாள் தாமரை. அந்தக் கல்யாணம் அவள் பிறந்த வீட்டாருக்குப் பிடிக்கவில்லை. "எனக்கு அவர்தான்" என்று சீரும் சிறப்பும் விட்டு, கணவன் கையைப் பிடித்துக் கொண்டு வெளியேறினாள்.

நெடுநாள் குழந்தை இல்லை. தவம் இருந்து வரம் பெற்றாள். ஆனால், ஆண் குழந்தை பிறந்தால் கொன்று விடுவது என்று பகைவர்கள் காத்திருந்தார்கள்.

என்ன செய்வது? பிறந்த இரண்டு ஆண் குழந்தைகளும் ரகசியமாக அப்புறப்படுத்தப்பட்டனர். செல்லாண்டியம்மன் காவலில் மறைவாக வளர்ந்தார்கள் என்பது பாட்டு. கலைஞர் கருணாநிதி இந்தக் கதையை "பொன்னர்-சங்கர்" என்ற நாவலாக எழுதினார். அதில் ராக்கியண்ணன் என்ற ஆசான் அவர்களை வளர்க்கிறார். 2011-ல் அது படமாகவும் வந்தது.

பிள்ளைகள் பிழைத்தார்கள். ஆனால், அந்த ரகசியத்துக்கும் ஒரு விலை இருந்தது. பெற்ற தாய் அவர்களுக்குப் பாலூட்டவில்லை. மழலை கேட்கவில்லை. முதல் அடி எடுத்து வைத்ததைப் பார்க்கவில்லை.

பின்னர் அவர்கள் வீரர்களாகத் திரும்பினார்கள். தலையூர்க் காளியோடு பகை மூண்டது. போர்க்களத்தில் அண்ணன்மார் இருவரும் மாண்டனர். தங்கை அருக்காணித் தங்காள், படுகளம் தேடி அழுது கொண்டே போனாள். அண்ணன்மாரை எழுப்பினாள். அவர்கள் சிறிது நேரம் கண் விழித்துப் பேசி விட்டு, மீண்டும் கண் மூடினார்கள்.

இன்றும் படுகளம் நடக்கும் ஊர்களில், உடுக்கை ஒலி ஏற ஏற இளைஞர்கள் செத்தவர் போல் விழுவார்கள். தண்ணீர் தெளித்து எழுப்புவார்கள். கூடி நிற்கும் பெண்கள் கண்களைத் துடைத்துக் கொள்வார்கள். மணப்பாறை அருகே உள்ள வீரப்பூரில் மாசி மாதம் பெரிய திருவிழா.

கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் பிரெண்டா பெக், 1965-ல் கொங்கு நாட்டுக் கிராமத்தில் தங்கி இந்தக் கதையை ஒலிப்பதிவு செய்தார். அது பிறகு புத்தகமாகவும் வந்தது.

சிவகாமியும் சாளுக்கியரும்

பாட்டில் இருந்த இந்தச் சரக்கு, பின்னால் சரித்திர நாவல்களிலும் புகுந்தது.

கல்கியும் கொங்கு நாட்டில் வாழ்ந்தவர்தான். திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தில் தங்கி, ராஜாஜியின் "விமோசனம்" பத்திரிகையில் வேலை பார்த்தார். பிறகு அவர் எழுதிய "சிவகாமியின் சபதம்" 1944 முதல் "கல்கி" வார இதழில் தொடராக வந்தது. அப்போது இரண்டாம் உலக யுத்தம் முடியவில்லை.

கி.பி. 642-ல் பல்லவர் படை வாதாபியை அழித்தது சரித்திரம். சிவகாமி கல்கியின் கற்பனை. நரசிம்மவர்மரைக் காதலித்த அவள், பகைவரிடம் சிறைப்படுகிறாள். வாதாபி எரிந்தால்தான் திரும்புவேன் என்று சபதம் செய்கிறாள். சபதம் நிறைவேறுகிறது. ஆனால், நரசிம்மவர்மருக்கு அதற்குள் வேறு பெண்ணோடு திருமணம் ஆகி விட்டது. போரில் வெற்றி, காதலில் தோல்வி!

அந்த நாவலிலும் ஒரு குடும்ப ரகசியம் உண்டு. புத்த பிட்சு நாகநந்தி யார்? எதிரி மன்னன் புலிகேசியின் அண்ணன். இருவருக்கும் ஒரே முகச்சாயல்!

"பொன்னியின் செல்வ"னில் குழந்தைகள் மாறிய ரகசியம். உத்தம சோழர் சரித்திரத்தில் உண்டு. குழந்தை மாறியது கல்கியின் கற்பனை.

எது பெரிய காயம்?

யுத்தத்தில் வெட்டுப்பட்டவனைக் கதை பிழைக்க வைக்கிறது. அல்லிமுத்து எழுந்தான். அண்ணன்மாரும் ஒரு கணம் எழுந்தார்கள்.

ஆனால், பல்வரிசையின் மனம்? அது எப்போது ஆறும்? இனி தாய் கொடுக்கும் ஒரு வாய்த் தண்ணீரை அவள் சந்தேகம் இல்லாமல் குடிப்பாளா?

தாமரை வீட்டு ரகசியம் குழந்தைகளுக்காக. ஆரவல்லியின் ரகசியம் பழிக்காக. இரண்டுமே மறைத்ததுதான். ஆனால் ஒன்று தொட்டிலைக் காத்தது. மற்றொன்று தாலியை அறுத்தது.

வீட்டுக்குள் ஒரு சொல்லை மறைக்கும் முன், அது யாருக்காக என்று கேட்டுக் கொள்ள வேண்டும். பவானிக் கரைக் கதை நமக்குச் சொல்வது அதுதான்.