ஏணி ஆடினால் சுவரைப் பாருங்கள்

மோட்டார்ஹோமின் பின்பக்கச் சுவரில், கூரைவரை போகும் ஒல்லியான அலுமினிய ஏணி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். படப்பிடிப்புத் தளங்களில் நிற்கும் கேரவன்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வண்டி பழகியதுதான். ஆனால் அமெரிக்காவில் அது சாதாரணக் குடும்பங்களின் வாகனம். பணி ஓய்வு பெற்ற தம்பதிகள் மாதக்கணக்கில் அதிலேயே குடியிருந்து ஊர் சுற்றுகிறார்கள். அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டியில் இயங்கிய வின்னபேகோ நிறுவனம் 1966-இல் மோட்டார்ஹோம் தயாரிப்பில் இறங்கியது. இண்டியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் வட்டாரமோ இத்தொழிலின் தலைநகர் என்றே அழைக்கப்படுகிறது.

கூரைக்கு ஏன் ஏற வேண்டும்? ஏசி, காற்றுப்போக்கி மூடிகள், சோலார் பலகைகள், ஆன்டெனா எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் பொருத்த ஒரு துளை போட்டிருப்பார்கள்; ஒவ்வொரு துளையையும் சுற்றி நீர்த்தடுப்புப் பசை பூசியிருப்பார்கள். வெயிலில் காய்ந்து அந்தப் பசை வெடிக்கும். ஆண்டுக்குச் சில முறையாவது மேலே ஏறிப் பார்த்தால்தான் மழைத் தண்ணீர் உள்ளே இறங்காது. கூரையைக் காப்பாற்ற இருக்கும் அந்த ஏணியும் துளை போட்டுத்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. சிக்கல் தொடங்குவது அங்கே.

இத்தகைய ஏணிகள் பெரும்பாலும் ஓர் அங்குல விட்டமுள்ள அலுமினியக் குழாயால் ஆனவை. பல ஏணிகளின் தாங்குதிறன் 250 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 113 கிலோ. ஏணி ஆடத் தொடங்கியதும் உரிமையாளருக்கு முதலில் தோன்றுவது, "ரொம்ப கனமான ஆள் ஏறிவிட்டார் போல" என்பதுதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது அவ்வளவு பொருந்தாது.

80 கிலோ எடையுள்ள ஒருவர் ஏணியில் நிற்கிறார், அவருடைய உடலின் எடைமையம் சுவரிலிருந்து 40 சென்டிமீட்டர் வெளியே இருக்கிறது, ஏணியின் மேல் பிடிப்புக்கும் கீழ் பிடிப்புக்கும் இடையே 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேல் திருகாணிகளைச் சுவரிலிருந்து வெளியே இழுக்கும் விசை சுமார் 16 கிலோ எடைக்குச் சமம். அதையும் இரண்டு பிராக்கெட்டுகள் பகிர்ந்துகொள்கின்றன. கீழ்நோக்கி அழுத்தும் 80 கிலோவும் எல்லாப் பிடிப்புகளுக்கும் பிரிந்துபோகிறது. நல்ல மரத்தில் இறங்கிய திருகாணிக்கு இது ஒரு சுமையே அல்ல. அப்படியும் பிடுங்கிக்கொண்டு வருகிறதென்றால், அது பிடித்திருந்த மரம் இப்போது மரமாக இல்லை என்று அர்த்தம்.

நம்மூர்ப் பழைய பேருந்துகளின் பின்னால் இருந்த இரும்பு ஏணி, வண்டியின் இரும்புச் சட்டத்தோடு இணைந்திருந்தது. மோட்டார்ஹோம் சுவர் அப்படிப்பட்டதல்ல. வெளியே மெல்லிய ஃபைபர்கிளாஸ் தகடு, அதன் பின்னால் மெல்லிய பிளைவுட், நடுவில் தெர்மாகோல் போன்ற நுரைப்பலகை, உள்ளே மறுபடியும் ஒரு பிளைவுட் என எல்லாம் அடுக்கடுக்காக ஒட்டப்பட்டிருக்கும். எடை குறைய வேண்டும், குளிரும் வெயிலும் உள்ளே வரக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. ஏணி வரும் இடத்தில் மட்டும் உள்ளே மரக்கட்டையோ அலுமினியச் சட்டமோ வைப்பார்கள். திருகாணிகள் நம்பியிருப்பது அந்தச் சிறு கட்டையைத்தான். அதைச் சுற்றியிருக்கும் நுரை எதையும் பிடித்துக்கொள்ளாது.

வண்டி ஓடும்போது ஏற்படும் அதிர்வில் பிராக்கெட்டின் அடியிலுள்ள பசை மயிரிழை அளவு விலகுகிறது. மழைத் தண்ணீர் திருகாணியின் மரை வழியே உள்ளே இறங்குகிறது. வெளியே வர வழியில்லாத ஓதத்தில் மரம் மக்குகிறது. திருகாணி தளர, இடைவெளி இன்னும் விரிகிறது. தண்ணீர் பரவினால் பிளைவுட்டும் ஃபைபர்கிளாஸும் ஒட்டு விட்டுப் பிரிந்து, சுவர் கொப்புளம் போல உப்பும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் பழுதின் செலவு ஏணியின் விலையைப் பல மடங்கு தாண்டும்.

அதனால் ஸ்பேனரை எடுக்கும் முன் சோதனை முக்கியம். ஒருவர் ஏணியைப் பிடித்து மெல்ல அசைக்க, இன்னொருவர் அருகில் நின்று பார்க்க வேண்டும். படியும் குழாயும் சேரும் இடம் அசைகிறதா, பிராக்கெட் அசைகிறதா, சுவரே உள்ளும் புறமுமாகப் போய்வருகிறதா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. பிராக்கெட்டைச் சுற்றி விரல் முட்டியால் தட்டினால் நல்ல இடம் கணீரென்றும், மக்கிய இடம் மந்தமாகவும் ஒலிக்கும். இருட்டிய பிறகு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தால் சிறு உப்பல்கூட நிழலாகத் தெரிந்துவிடும்.

பிறகு ஒரு திருகாணியைக் கழற்றிப் பார்க்கலாம். மரைகளில் வெளிர் நிற மரத்தூள் ஒட்டிக்கொண்டு, சற்று முரண்டு பிடித்து வந்தால் நல்ல சேதி. துருவேறிய திருகாணி கையாலேயே சுழன்று வந்து, ஈரமான காப்பித்தூள் போல் கருப்பாக எதையோ உதிர்த்தால் மரம் மக்கிவிட்டது.

பலர் இங்கே செய்வது, இன்னும் தடிமனான திருகாணியை முறுக்கி, சுற்றிலும் சிலிகானை அப்பிவிடுவது. தடித்த திருகாணி மக்கிய மரத்தை மேலும் நொறுக்கும். ரப்பர் கூரைகளில் சிலிகான் சரியாக ஒட்டாது. அது தடவிய இடத்தில் பின்னால் வேறு எந்தப் பசையும் பிடிக்காது. அதைச் சுரண்டி எடுப்பதே தனி வேலையாகிவிடும்.

சேதம் சிறிதென்றால், படகு கட்டுபவர்களின் முறை கைகொடுக்கும். துளையைத் திறந்துவைத்து நன்றாகக் காயவிட வேண்டும். பிறகு அதைப் பெரிதாக்கி, மக்கியதைச் சுரண்டி, கெட்டியாக்கிய எப்பாக்சியால் நிரப்பி, அது இறுகிய பின் நடுவில் புதுத் துளை போட வேண்டும். இனி திருகாணி பிடிப்பது எப்பாக்சிக் கட்டியை. தண்ணீர் மரத்தைத் தொட வழியில்லை. மிச்சிகன் மாநிலத்தின் பே சிட்டியில் 1969-இல் தொடங்கிய கூஜன் சகோதரர்களின் நிறுவனம், மரப்படகுகளுக்கான எப்பாக்சியைப் பரவலாக்கியதில் பெரும்பங்கு வகித்தது.

சேதம் பெரிதென்றால் உள்பக்கச் சுவரைத் திறந்து புதுக் கட்டை வைக்க வேண்டும், அல்லது உள்ளே அலுமினியத் தகடு ஒன்றை வைத்து, சுவரைக் கடந்துபோகும் போல்ட்டால் இறுக்க வேண்டும். இதில் ஒரு கண்ணி உண்டு. போல்ட்டை முறுக்க முறுக்க நடுவிலுள்ள நுரை நசுங்கி, சுவர் குழிந்துவிடும். சுவரின் தடிமன் அளவுக்கு வெட்டிய ஒரு குழாய்த்துண்டைத் துளைக்குள் செருகி, அதன் வழியே போல்ட்டை விட்டால், இறுக்கத்தைக் குழாய் தாங்கிக்கொள்ளும்.

குழாயே விரிசல் விட்டிருந்தால், உள்ளே இன்னொரு குழாயைச் செருகி ரிவெட் அடிப்பது எளிய வழி. வெளிவிட்டம் ஓர் அங்குலமும் தடிமன் 1/16 அங்குலமும் உள்ள குழாயின் உள்விட்டம் 7/8 அங்குலம்; அதைவிட மயிரிழை ஒல்லியான குழாய் உள்ளே கச்சிதமாகப் போகும். வெல்டிங்கும் செய்யலாம், ஆனால் சூடு பட்ட இடத்தில் அலுமினியம் தன் வலிமையில் ஒரு பகுதியை இழந்துவிடும் என்பதால் அனுபவசாலியின் கை வேண்டும். வளைந்த குழாயை முன்னும் பின்னும் வளைத்து நிமிர்த்தக் கூடாது. விரிசல் பிறப்பதே அப்படித்தான்.

திரும்பப் பூட்டும்போது, பிராக்கெட்டின் அடியில் பியூட்டைல் நாடாவை வைத்து, நாலாபுறமும் பிதுங்கி வரும்வரை இறுக்கி, பிதுங்கியதை வெட்டிவிட வேண்டும். கூரையின் மேல்பரப்பில் தானாகப் பரவி மட்டமாகும் பசையும், சுவரில் வழியாத பசையும் பூச வேண்டும். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டுக்கொண்டால், கடற்கரைப் பக்கம் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். இடையே ஒரு நைலான் வாஷர் போட்டால் அந்த அரிப்பு குறையும். ஏணியின் நடுவில் ஒரு ஜோடி பிராக்கெட்டைக் கூடுதலாகச் சேர்ப்பது வலுவூட்டும்தான். ஆனால் உள்ளே கட்டை இருக்கிறது என்று உறுதியான இடத்தில் மட்டுமே அதைச் செய்ய வேண்டும்.

இவ்வளவும் செய்துவிட்டு, அதே ஏணியில் சைக்கிள்களை மாட்டுகிறவர்கள் உண்டு. மின்சார சைக்கிள் ஒன்று 20 கிலோவுக்கு மேல் இருக்கும். இரண்டு மாட்டினால் ஒரு சிறுவன் நாள் முழுக்க ஏணியில் தொங்கிக் குதிப்பதற்குச் சமம். மனிதர் ஏறி ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடுவார். சைக்கிள்கள் ஆயிரம் கிலோமீட்டருக்கும் இறங்காது. அவற்றை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைந்த ஹிட்ச்சில் மாட்டுவதே முறை.

பழுது பார்த்த பிறகு முதல் நீண்ட பயணம் முடிந்ததும் எல்லாத் திருகாணிகளையும் ஒருமுறை சோதிக்க வேண்டும். பிறகு கூரையைப் பார்க்க ஏறும்போதெல்லாம் ஏணியின் பிடிப்புகளையும் பார்த்துவிட வேண்டும். பழைய மோட்டார்ஹோம் வாங்க வருகிறவர்களும் எஞ்சினைத் திறக்கும் முன் பின்பக்கம் போய் ஏணியை ஒருமுறை அசைத்துப் பார்ப்பது நல்லது. விற்பவர் சுவருக்குப் புதுப் பெயின்ட் அடித்திருக்கலாம். உள்ளே இருக்கும் கட்டையின் நிலையை அந்த ஓர் அசைவு காட்டிக்கொடுத்துவிடும்.