சனிக்கிழமைக் கூலி

ஆடுகளம் தேடி – 14

திருவனந்தபுரம் ஸ்ரீவராகம் குளத்தைச் சுற்றிக் காலையில் நடந்துவிட்டு, மளிகைக் கடைப் படியில் ஐந்து நிமிடம் உட்காருவது என் வழக்கம். கடையில் நிற்கிற பையனுக்குத் தூத்துக்குடிப் பக்கம் ஊர். லாரியிலிருந்து அரிசி மூட்டையை அவன் தோளில் வாங்குகிற விதமே தனி. இடுப்பு தாழும், கால் அகலும், கழுத்து அசையாது. ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

“தம்பி, நீ கபடி ஆடுவியா?”

“பள்ளிக்கூடத்துல ஆடுனேன் சார். இப்ப இல்ல. மேட்சுக்குன்னு ஊருக்குப் போயிட்டு வந்தா ரெண்டு நாள் கூலி போயிரும். முட்டி கிட்டி போச்சுன்னா மூட்டை தூக்க முடியாது.”

இந்த வாரம் எழுத வேண்டியது ரக்பி லீக்கைப் பற்றி. அந்த ஆட்டம் பிறந்த கதையை அந்தப் பையன் தனக்குத் தெரியாமலே சொல்லி முடித்துவிட்டான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தின் வடக்கு மாவட்டங்களில் ரக்பி ஆடியவர்கள் சுரங்கத் தொழிலாளிகள், பஞ்சாலைத் தொழிலாளிகள். அவர்களுக்குச் சனிக்கிழமையும் வேலை நாள்தான். ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி கிடையாது. ஆட்டத்தை நிர்வகித்த தெற்கத்திய கனவான்களுக்கு இந்தக் கவலை இல்லை. விளையாட்டுக்குக் காசு வாங்குவதே இழிவு என்பது அவர்கள் கட்சி. இழந்த கூலியையாவது கொடுக்கலாம் என்று 1893-ல் லண்டன் பொதுக்குழுவில் தீர்மானம் வந்தது. 282-க்கு 136 என்ற வாக்கில் தோற்கடித்தார்கள். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு ஊரில் ஜார்ஜ் ஹோட்டலில் இருபதுக்கும் மேற்பட்ட வடக்கத்திக் கிளப்புகள் கூடிப் பிரிந்து போயின. அவர்கள் கேட்டது ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஆறு ஷில்லிங். அந்தப் பிரிவுதான் பின்னாளில் ரக்பி லீக் ஆனது. பிரிந்து போகாத ரக்பி யூனியன், ஆட்டக்காரருக்குச் சம்பளம் தரலாம் என்று ஒப்புக்கொண்டது 1995 ஆகஸ்டில். முழுதாக நூறு வருஷம்!

ஆஸ்திரேலியாவிலும் இதே கதைதான். சிட்னியில் அலெக் பர்டன் என்ற முடிதிருத்துபவர் 1907-ல் ஆடும்போது அடிபட்டு வேலைக்குப் போக முடியாமல் கிடந்தார். சங்கம் உதவவில்லை. அந்தக் கோபம் பரவி, மறு வருஷமே அங்கே லீக் போட்டிகள் தொடங்கிவிட்டன.

பிரிந்தவர்கள் விதிகளையும் மாற்றினார்கள். பதினைந்து பேர் பதின்மூன்று ஆனார்கள். பந்தோடு ஓடுகிறவனைப் பிடித்துச் சாய்த்தால், அவன் எழுந்து பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னே தள்ள, ஆட்டம் தொடரும். ஆறாவது முறை சாய்த்துவிட்டால் பந்து எதிரணிக்கு. டிவியில் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குச் சடுகுடுதான் ஞாபகம் வந்தது. ஒருவன் பாய்கிறான், மூன்று பேர் சங்கிலி போட்டு மடக்குகிறார்கள், கோட்டைத் தொட்டானா இல்லையா என்று ஊரே கத்துகிறது. யூனியனில் வருகிற மலைபோன்ற குவியல் இதில் கிடையாது. கபடி ஊறிய உடம்புக்கு யூனியனைவிட லீக்தான் பொருந்தும் என்பது என் கணிப்பு. இந்தியாவில் வேர்விட்டிருப்பதென்னவோ யூனியன் வகை, அதிலும் ஏழு பேர் ஆட்டம். அதை நொந்து பயனில்லை.

புது நாடுகளில் இந்த ஆட்டத்தை வளர்ப்பதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. பாட்டனோ பாட்டியோ அந்த நாட்டில் பிறந்திருந்தால் போதும், பேரன் அந்த நாட்டுச் சட்டையைப் போட்டுக்கொள்ளலாம். 2018-ல் அமெரிக்காவை 16–10 என்று வென்று ஜமைக்கா உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. ஆனால் 2022-ல் இங்கிலாந்தில் களம் இறங்கிய அந்த அணியில் பெரும்பாலோர் இங்கிலாந்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். கொடி ஏறியது, நல்லதுதான். கிங்ஸ்டன் தெருப் பையனுக்கு அதனால் என்ன கிடைத்தது?

பாப்புவா நியூ கினி அப்படியல்ல. ரக்பி லீக்கைத் தேசிய விளையாட்டாகவே கொண்டாடுகிற நாடு அது. அங்கே ஆசைக்குப் பஞ்சமில்லை. வாராவாரம் சம்பளத்தோடு ஆட ஓர் இடம்தான் இல்லாதிருந்தது. 2014-ல் ‘ஹன்டர்ஸ்’ என்ற அணியை உண்டாக்கி ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கோப்பைப் போட்டியில் சேர்த்தார்கள். நான்காவது பருவத்தில், 2017-ல், அவர்களே சாம்பியன். சிம்பு மலைப்பகுதியில் பிறந்த ஜஸ்டின் ஓலம், லே நகரில் இயற்பியல் படித்தவர், அந்த அணியிலிருந்துதான் மெல்போர்னுக்குப் போனார். 2020-ல் ஆஸ்திரேலியாவின் உச்சப் போட்டியை வென்ற அணியில் இருந்தார். இப்போது அந்த உச்சப் போட்டிக்குள்ளேயே 2028 முதல் பாப்புவா நியூ கினிக்குத் தனி அணி. அதற்காக ஆஸ்திரேலிய அரசு பத்து வருஷத்துக்கு 60 கோடி டாலர் ஒதுக்கியிருக்கிறது. சீனாவை அந்தப் பக்கம் அண்டவிடக் கூடாது என்ற கணக்கும் இதில் உண்டு என்பது ஊரறிந்த ரகசியம். இருக்கட்டும். கூலி வந்து சேர்ந்தால் சரி.

நம் நாட்டுக்கு வருவோம். ரக்பி நமக்குப் புதிதே அல்ல. கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் நடத்திய கிளப் கலைந்தபோது, கையிருப்பில் இருந்த 270 வெள்ளி ரூபாயை உருக்கிச் செய்த கோப்பைக்குத்தான் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றும் மோதுகின்றன. கோப்பை போய்விட்டது, ஆட்டமும் ஜிம்கானா வேலிக்குள் அடங்கிவிட்டது. வேலியைத் தாண்டி வெளியே வந்தது எப்போது? கல்கத்தாவில் பிரிட்டிஷ் தூதரகப் பணியில் இருந்த பால் வால்ஷ், 2004-ல் மைதானத்தில் சுற்றித் திரிந்த பிள்ளைகளைச் சேர்த்து ‘ஜங்கிள் குரோஸ்’ தொடங்கியபோது. புவனேஸ்வரத்தில் பழங்குடிப் பிள்ளைகளுக்கான கிஸ் உறைவிடப் பள்ளி அணி, 2007-ல் லண்டனில் பதினாலு வயதுக்குட்பட்டோர் போட்டியை வென்றபோது. 2019 ஜூனில் மணிலாவில் இந்தியப் பெண்கள் 21–19 என்று சிங்கப்பூரை வீழ்த்திப் பதினைந்து பேர் ஆட்டத்தில் முதல் சர்வதேச வெற்றி கண்டார்கள். வெற்றியைத் தந்த பெனால்டியை உதைத்த சுமித்ரா நாயக் அந்த கிஸ் பள்ளியில் வளர்ந்தவர். அங்கே தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, படிப்பு எல்லாம் இலவசம். பயிற்சியாளரின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் என் பாராட்டு முதலில் சமையற்கூடத்துக்குத்தான்.

2025 ஜூனில் மும்பையில் ஆறு அணிகளோடு ரக்பி பிரீமியர் லீக் நடந்தது. பெயரில் லீக் இருந்தாலும் ஆடியது ஏழு பேர் யூனியன். சென்னை புல்ஸ் கோப்பையை வென்றது. தமிழ்நாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஓரிரு வாரத் திருவிழாவில் பையனுக்குக் கனவு வரும். பாக்கி ஐம்பது வாரத்துக்குச் சோறு வராது.

திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு இதையெல்லாம் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற ஐ.எம். விஜயனைப் பதின்வயதிலேயே கேரள போலீஸ் அணி சேர்த்துக்கொண்டது. 1990-ல் அந்த அணி ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. 2025-ல் அவருக்குப் பத்மஸ்ரீ. சோடா விற்ற காசுக்கு ஈடாக அரசுச் சம்பளம் வந்திராவிட்டால், திருச்சூரில் இன்னொரு சோடாக்காரர் இருந்திருப்பார், அவ்வளவுதான். எங்கள் ஊரில் இதே வேலையை ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூரும் டைட்டானியம் ஆலையும் செய்தன. அந்த வங்கி 2017-ல் பெரிய வங்கியோடு இணைந்து பெயரையே இழந்தது.

2015-ல் கேரளம் நடத்திய தேசிய விளையாட்டுப் போட்டிகளில் ஏழு பேர் ரக்பியும் இருந்தது. ஆகவே பந்தும் விதிப் புத்தகமும் இங்கே வந்து சேர்ந்து பல வருஷம் ஆகிறது. ரக்பிச் சங்கத்தார் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். அடுத்த முகாமுக்கு ஆள் தேடும்போது பள்ளிக்கூடங்களோடு நிறுத்தாமல் சாலைக் கடைத்தெருவில் காலை எட்டு மணிக்கு மூட்டை இறக்கும் இடத்துக்கும் வாருங்கள். பையனின் உயரத்தையும் எடையையும் குறித்துக்கொள்ளும் தாளில், அவனுடைய ஒரு நாள் கூலி எவ்வளவு என்று கேட்டு எழுத ஒரு கட்டமும் போட்டுவையுங்கள்.

அடுத்த வாரம் பொழியூர் போகிறோம். சந்தோஷ் டிராபிக்கு ஆள் அனுப்பிக்கொண்டே இருக்கிற மீனவர் ஊர்.