வீட்டில் பல் வெண்மையாக்கல்

பல் மஞ்சளாவது இரு வகை. தேநீர், வெற்றிலை, புகையிலையால் மேலே படியும் கறை ஒன்று. எனாமல் தேய்ந்து அடியிலுள்ள மஞ்சள் நிற டென்டைன் தெரிவது மற்றொன்று. கறையைப் பற்பசையோ சமையல் சோடாவோ ஓரளவு நீக்கும். கரித்தூளும் செங்கற்பொடியும் கறையோடு எனாமலையும் தேய்த்துவிடும்.

எலுமிச்சைச் சாறு இன்னும் மோசம். பிஎச் மதிப்பு சுமார் 5.5-க்குக் கீழே சென்றால் எனாமல் கரையத் தொடங்கும்; இச்சாற்றின் மதிப்போ ஏறத்தாழ 2. (முட்டை ஓட்டை இதில் ஊறவைத்துப் பாருங்கள், அமிலத்தின் வேலை விளங்கும்.) தேய்ந்த எனாமல் மீண்டும் வளராது, வெளுக்கத் தேய்த்த பல் முன்னைவிட மஞ்சளாகும்.

உள்நிறத்தை வெளுக்க வல்லது பெராக்சைடு. பல் மருத்துவர் தரும் 10% கார்பமைடு பெராக்சைடு கூழைப் பல் அச்சில் இட்டு இரவில் அணிவர். சில நாள் பல் கூசலாம். செயற்கைப் பல் இதனால் வெளுக்காது.