பெட்டி இருக்குமிடம் தெரியும், போகும் வழி?

ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைத்தொடரின் வடக்கு ஓரத்தில் தாலே என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே போடே ஆறு மலையை அறுத்துக்கொண்டு வெளியே வருகிறது. ஆற்றின் இருபுறமும் எதிரெதிராக இரண்டு பாறை முகடுகள். ஹெக்ஸன்டான்ட்ஸ்பிளாட்ஸ் கடல்மட்டத்திலிருந்து 454 மீட்டர், ரோஸ்டிராப்பே 403 மீட்டர். ஒன்றில் நின்றால் மற்றது கண்ணுக்கு எட்டும். கணினித் திரையில் இரண்டுக்கும் நடுவே கோடு இழுத்தால் தூரம் அற்பமாகத்தான் தெரியும். நடந்து போகிறவரோ 200 மீட்டர் வாக்கில் இறங்கி, ஆற்றைக் கடந்து, கிட்டத்தட்ட அதே அளவு மறுபடி ஏறியாக வேண்டும்.

ஒளித்துவைத்த பெட்டியை ஜிபிஎஸ் துணையோடு தேடும் ஜியோகேச்சிங் விளையாட்டில் புதிதாக இறங்குபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில்தான். பெட்டி இருக்குமிடம் மீட்டர் கணக்கில் கையில் இருக்கும். எந்தப் பக்கமிருந்து போவது, எதை முதலில் எடுப்பது, எங்கே வண்டியை விடுவது என்பதெல்லாம் தெரியாது. அதற்குத் திட்டம் வேண்டும். அந்தத் திட்டத்தைக் காசு செலவில்லாமல் போட்டுத்தரும் கட்டற்ற மென்பொருள்கள் இன்று ஒரு கூட்டமே இருக்கின்றன.

விளையாட்டின் கதை சின்னது. ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதம் முதல் தேதி நள்ளிரவோடு நிறுத்தியது. 100 மீட்டர்வரை தடுமாறிய கருவிகள் திடீரென்று 20 மீட்டருக்குள் வந்தன. மே 3 அன்று ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் அருகே டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியைப் பாதி புதைத்து, அது இருக்குமிடத்தை இணையத்தில் அறிவித்தார். உள்ளே புத்தகங்கள், கவண், ஒரு டின் பீன்ஸ் எல்லாம் இருந்தன. எதையாவது எடுத்தால் பதிலுக்கு எதையாவது வைக்க வேண்டும் என்பது விதி. இன்று உலகெங்கும் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் ஒளித்துவைக்கப்பட்டிருக்கின்றன.

உல்மர் தந்த எண்கள்: வடக்கு 45° 17.460', மேற்கு 122° 24.800'. பாகைக்குப் பின்னால் வருவது கலை, அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு. ஜியோகேச்சிங் உலகம் முழுக்க இந்த வடிவம்தான் புழங்குகிறது. வரைபட மென்பொருள்களில் பலவும் தசமப் பாகையைக் கேட்கும். அவசரத்தில் 45.17460, -122.24800 என்று அடித்துவிட்டால் மென்பொருள் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்ளும், வாளி மட்டும் தென்கிழக்கே சுமார் 18 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். சரியான எண் 45.29100, -122.41333. எண்களைக் கையால் அடிக்காமல் கோப்பாக எடுத்துக்கொள்வதே நல்லது என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

அந்தக் கோப்பின் பெயர் ஜிபிஎக்ஸ். 2002-ல் வந்த இந்த வடிவத்தை எந்த எழுத்துத் தொகுப்பியிலும் திறந்து படிக்கலாம். இடம், பெயர், நேரம் தவிர, பெட்டியின் அளவு, புதிரின் கடினம், நிலத்தின் கடினம், குறிப்பு எல்லாவற்றையும் அது சுமக்கும். நிலக் கடினம் 1 என்றால் சக்கர நாற்காலியிலும் போகலாம், 5 என்றால் படகோ ஏறுகயிறோ வேண்டியிருக்கும். வணிகத் தளங்களில் முழுத் தகவலுடன் மொத்தமாகக் கோப்பு எடுக்கச் சந்தா கேட்பார்கள். ஓப்பன்கேச்சிங் தளங்களில் இலவசம், ஆனால் அங்கே பெட்டிகளின் எண்ணிக்கை குறைவு.

கோப்பு கைக்கு வந்ததும் முதல் வேலை சலிப்பது. ராபர்ட் லைப் தொடங்கிய ஜிபிஎஸ்பேபல் இதற்கென்றே பிறந்ததுபோல் இருக்கும். ஒரு கோப்பு வடிவத்தை இன்னொன்றாக மாற்றுவதுதான் அதன் அடிப்படை வேலை என்றாலும், அதன் வடிகட்டிகள் அதைவிடப் பயனுள்ளவை. தாலேயிலிருந்து ட்ரெஸெபுர்க் வரை ஆற்றை ஒட்டிச் செல்லும் சுமார் 10 கிலோமீட்டர் நடைபாதையைக் கொடுத்து, அதிலிருந்து 300 மீட்டருக்குள் இருக்கும் பெட்டிகளை மட்டும் வைத்துக்கொள் என்று 'ஆர்க்' வடிகட்டியிடம் சொல்லலாம். நொடியில் முடித்துவிடும். ஆனால் உயரம் என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. தலைக்கு மேலே பாறை உச்சியில் இருப்பதையும் பக்கத்தில் இருப்பதாகவே கணக்கில் சேர்க்கும்.

உயரத்துக்குக் கியூமேப்ஷேக் மென்பொருளின் பக்கம் போக வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தைக் கீழே விரித்து, அதன்மேல் பெட்டிகளைப் பரப்பி, உயரத் தரவையும் ஏற்றினால் சமவுயரக் கோடுகளும் சரிவின் நிறங்களும் தெளியும். இழுத்த வழியின் ஏற்ற இறக்கம் தனி வரைபடமாகவும் வரும். பலரும் பயன்படுத்தும் உயரத் தரவு, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாட்கள் ரேடாரால் பூமியைத் தடவி எடுத்தது. அதில் புள்ளிக்குப் புள்ளி இடைவெளி 30 மீட்டர். அடர்ந்த காட்டில் ரேடார் தரையை முழுதாகத் தொடுவதும் இல்லை. ஆகவே குறுகிய பள்ளத்தாக்குகள் அதில் மழுங்கிக் கிடக்கும், செங்குத்துப் பாறை சாதுவான சரிவாகத் தோன்றும். ஜெர்மன் மாநில நில அளவைத் துறைகள் பல, லேசரால் எடுத்த 1 மீட்டர் இடைவெளித் தரவை இப்போது இலவசமாகவே தருகின்றன. கிடைக்கும் இடத்தில் அதையே ஏற்றிக்கொள்வது புத்திசாலித்தனம்.

வழியைக் கணக்கிடுவது பிரவுட்டர் என்ற மென்பொருளின் வேலை. வழி தேடும் மென்பொருள்களின் அடிப்படை, எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959-ல் வெளியிட்ட முறை. ஒவ்வொரு பாதைத் துண்டுக்கும் ஒரு விலை வைத்து, மொத்த விலை குறைந்த வழியைப் பிடிப்பதுதான் அதன் சாரம். பிரவுட்டரின் அழகு, விலைப்பட்டியல் பயனரின் கையில் இருப்பது. ஏற்றத்துக்கு எவ்வளவு கூடுதல், தார்ச்சாலைக்கு எவ்வளவு தண்டம், சுவிஸ் ஆல்ப்ஸ் மலைச்சங்கத்தின் கடினத் தரவரிசையில் எந்தப் படிக்கு மேல் வேண்டாம் என்பதெல்லாம் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் இருக்கின்றன. முழங்கால் வலிக்காரரும் மலையோட்டக்காரரும் ஒரே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே வேறு வேறு வழி பெறுவார்கள்.

வரிசை இன்னொரு தலைவலி. புறப்படும் இடத்தையும் சேர்த்து 15 இடங்களைச் சுற்றித் திரும்ப எத்தனை வரிசைகள் உண்டு? 4,358 கோடிக்கும் மேல். மலையில் ஏறுவதும் இறங்குவதும் ஒன்றல்ல என்பதால் உண்மையில் அதன் இருமடங்கு. ஓஎஸ்ஆர்எம் என்ற திறந்த மென்பொருள், பத்துக்குக் குறைவான இடங்கள் என்றால் எல்லா வரிசைகளையும் சோதித்துவிடும். அதற்கு மேல் போனால் தூரத்தில் இருப்பதை முதலில் சேர்க்கும் ஒரு குறுக்கு உத்தியால் நல்ல விடை தேடும், மிகச் சிறந்த விடை என்று உறுதி தராது. ஒரு நாள் நடைக்கு அது போதும்.

இனி வருவதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஹார்ட்ஸ் தேசியப் பூங்காவில் குறியிட்ட பாதையை விட்டு இறங்கக் கூடாது. நூற்றாண்டுக் கணக்கில் சுரங்கத் தொழில் நடந்த மலை அது, கைவிட்ட சுரங்கங்கள் ஏராளம். அவற்றில் வௌவால்கள் குளிர்கால உறக்கம் கொள்கின்றன. அப்படிப்பட்ட குகைகளிலும் சுரங்கங்களிலும் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை நுழைவதை ஜெர்மன் இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. பாதுகாக்கப்பட்ட பகுதிகளின் எல்லைகளை அந்நாட்டு இயற்கைப் பாதுகாப்பு நிறுவனம் இணைய வரைபட அடுக்காக வழங்குகிறது. அதைக் கியூஜிஸ் மென்பொருளில் பெட்டிகளின் மேல் போர்த்தினால், எது எல்லைக்குள் விழுகிறது என்பது பார்த்தவுடன் தெரியும். பொழுதுபோக்குக்குக் கியூஜிஸ் கொசுவடிக்கக் கோடாலிதான். இந்த ஒரு வேலைக்காக அதைப் பழகினாலும் நஷ்டமில்லை.

வீட்டில் போட்ட திட்டம் கைப்பேசிக்குப் போக வேண்டும், பள்ளத்தாக்கில் சிக்னலை நம்ப முடியாது. ஆண்ட்ராய்டில் ஓடும் சி-ஜியோ செயலி வரைபடத்தையும் பெட்டி விவரங்களையும் முன்னமே இறக்கி வைத்துக்கொள்ளும், பிரவுட்டரோடும் கைகோக்கும். ஆங்கில எழுத்துகளை 13 இடம் தள்ளிப் பூட்டிய குறிப்புகளை ஒரு தொடுதலில் பிரித்தும் காட்டும்.

2018-ன் வறட்சிக்குப் பின் பட்டைவண்டு தாக்கி ஹார்ட்ஸின் ஸ்ப்ரூஸ் மரங்கள் பெருமளவில் பட்டுப்போயின. விழுந்த மரங்கள் அங்கங்கே பாதையை மறிக்கின்றன, வரைபடம் அதை உடனே அறியாது. ஆனால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004-ல் தொடங்கியதிலிருந்து தன்னார்வலர்கள் வரைந்துவருவது, தவறு கண்டவரே திருத்தலாம். ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலி அருகே நிற்பவரிடம் இந்தப் பாதையின் தரை எப்படிப்பட்டது என்பதுபோன்ற சிறு கேள்விகளைக் கேட்டுப் பதிலைப் பதிவுசெய்கிறது. ஒரு பாதை மூடப்பட்டதாக யாராவது குறித்துவிட்டால், புதிய தரவுக் கோப்பை இறக்கியதும் பிரவுட்டர் அந்த வழியைத் தவிர்த்துக் கணக்குப் போடும்.