மின்கலத்திற்கும் அளவு உண்டு

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பது நம் முன்னோர் மொழி. இம்மொழி உணவுக்கு மட்டுமன்று, மடிக்கணினியின் பேட்டரி எனப்படும் மின்கலத்திற்கும் பொருந்தும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயின்ற அக்காமார் பலர் அதனால் பயன் பெற்றனர். அக்காவுக்குப் பின் தங்கை, தங்கைக்குப் பின் தம்பி என ஒரே கணினி பல கைகளுக்கு மாறும் வீடுகள் உண்டு. அதில் முதலில் தளர்ந்து போவது பெரும்பாலும் மின்கலமே. புதியது வாங்கச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். நம் பெற்றோருக்கு அது சிறு தொகையன்று.

இக்கால மடிக்கணினிகளில் இருப்பது லித்தியம் அயனி மின்கலம். இது 1991-இல் விற்பனைக்கு வந்தது. இதற்கு வழி வகுத்த குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவரும் 2019-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமும் இத்துறையில் ஆய்வு செய்து வருகிறது. அதன் சென்னைக் கிளை நம் கொட்டிவாக்கத்திற்கு அருகே தரமணியில் அமைந்துள்ளது.

சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையிலிருந்து புறப்பட்டு, எதிர்முனையிலுள்ள கிராஃபைட் அடுக்குகளுக்குள் புகுந்து தங்குகின்றன. நாம் கணினியை இயக்கும்போது அவை திரும்பி வருகின்றன. மின்கலம் முழுவதும் நிறைந்திருக்கையில் அதன் ஒவ்வோர் அறையின் மின்னழுத்தமும் சுமார் 4.2 வோல்ட்டை எட்டும். அந்நிலையில் உள்ளிருக்கும் திரவம் சிறிது சிறிதாகச் சிதைகிறது. லித்தியத்தில் ஒரு பகுதி திரும்பி வர இயலாமல் சிக்கிக் கொள்கிறது. வெப்பம் இக்கேட்டை விரைவுபடுத்தும். முழு சார்ஜுடன் 40 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு கிடந்தால் கொள்ளளவில் சுமார் 65 விழுக்காடே எஞ்சும். 40 விழுக்காடு சார்ஜுடன் 25 டிகிரியில் வைத்தால் சுமார் 96 விழுக்காடு எஞ்சும். சென்னையின் மே மாத வெயிலை அறிந்த நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

"முழுவதும் தீர்ந்த பிறகே சார்ஜ் ஏற்ற வேண்டும்" என்று பெரியவர்கள் கூறுவதுண்டு. பழைய நிக்கல் காட்மியம் மின்கலத்திற்கு அது ஏற்ற அறிவுரை. லித்தியம் மின்கலத்திற்கோ அடிக்கடி அடியோடு தீர்வதும் கேடே.

ஆகவே நாம் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. அன்றாடம் 20 முதல் 80 விழுக்காட்டிற்குள் சார்ஜை வைத்துக் கொள்ள வேண்டும். 80-இல் தானே நிறுத்தும் அமைப்பு பல கணினிகளில் உள்ளது. எந்நேரமும் பிளக்கில் வைத்தே பயன்படுத்துவோருக்கு இது மிகவும் உதவும்.

2. மெத்தை, தலையணை மீது கணினியை வைத்தல் ஆகாது. காற்றுத் துளைகள் அடைபட்டுச் சூடேறும். வெயில் விழும் ஜன்னலோரமும் கூடாது.

3. விடுமுறைக்கு ஊருக்குச் செல்கையில் பாதி சார்ஜுடன் அணைத்து, குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும்.

4. மின்கலம் உப்பியிருந்தால் உடனே பயன்பாட்டை நிறுத்த வேண்டும். அதை அழுத்தவோ குத்தவோ கூடாது. தீப்பற்றும் அபாயம் உண்டு. பழைய மின்கலத்தைக் குப்பைத் தொட்டியில் போடாமல், கழிவு மின்பொருள் சேகரிக்கும் இடத்தில் சேர்க்க வேண்டும்.

இவ்விதிக்கு ஒரு விலக்கும் உண்டு. 2016 டிசம்பரில் வர்தா புயலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் தாக்கியபோது சென்னையின் பல பகுதிகள் நாட்கணக்கில் மின்சாரமின்றித் தவித்தன. புயல் எச்சரிக்கை வந்தால் தயங்காமல் 100 விழுக்காடு ஏற்றிக் கொள்ளலாம். ஓரிரு நாள் நிறைந்திருப்பதால் பெருங்கேடு வந்துவிடாது. பத்துக் கன்னியர் உவமையில் விவேகமுள்ள ஐவர் விளக்கோடு எண்ணெயும் எடுத்துச் சென்றதை நாம் அறிவோம். அவர்களைப் போல் வேளையறிந்து நிறைப்போம். மற்ற நாட்களில் அளவறிந்து நிறுத்துவோம். நம் கைக்கு வந்த கணினி நம் தங்கையர் கைக்கும் நல்ல நிலையில் சென்று சேரட்டும்!