நாம், நாங்கள்: ‘காச்சர் கோச்சர்’ நாவலும் தன்மைப் பன்மையின் மொழிபெயர்ப்பும்

விவேக் ஷான்பாக் கன்னடத்தில் எழுதிய ‘காச்சர் கோச்சர்’ 2013இல் வெளிவந்தது. ஸ்ரீநாத் பேரூரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2017இல் அமெரிக்காவிலும் பதிப்பிக்கப்பெற்றது. தமிழில் இதனைக் கே. நல்லதம்பி மொழிபெயர்த்துள்ளார். பெங்களூரில் நிகழும் இக்குறுநாவல், குற்றம் எதனையும் நேரே காட்டாமல் அச்சத்தை வளர்க்கும் உளவியற் கதையாகும். எளிய குடும்பமொன்று சித்தப்பாவின் மசாலா வணிகத்தால் செல்வம் பெறுகிறது. கதைசொல்லிக்குப் பெயரில்லை. குடும்பம் பேசாமல் விட்டவற்றை அவன் மனைவி அனிதா வெளிப்படையாகப் பேசுகிறாள். இறுதியில், பிறந்த வீட்டிற்குச் சென்ற அவள் திரும்பி வரவில்லை. அவளுக்கு என்ன நேர்ந்தது என்பதை நூல் கூறுவதில்லை. இந்த ஐயத்தைத் தமிழில் காப்பதில் தன்மைப் பன்மை எழுப்பும் சிக்கலை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

முதலில் தலைப்பை நோக்குவோம். ‘காச்சர் கோச்சர்’ என்பது அனிதாவின் பிறந்த வீட்டார் தமக்குள் உருவாக்கிக்கொண்ட தொடர். அவிழ்க்கவியலாச் சிக்கல் என்பது அதன் பொருள். இரட்டைக்கிளவியை நினைவூட்டும் ஓசையுடைய இத்தொடரைக் கன்னட வாசகரும் முன்னர் அறியார். எனவே அதனை ஒலிபெயர்த்து அமைவதே போதும். முதலெழுத்தின் மூச்சொலி தமிழ் எழுத்தில் மறையினும், தமிழ் வாசகர் கன்னட வாசகர் நிற்கும் இடத்திலேயே நிற்கிறார்.

உண்மையான இடர்ப்பாடு எல்லாரும் அறிந்த சொல்லில் உள்ளது. இக்காலக் கன்னடத்தில் ‘நாவு’ என்னும் தன்மைப் பன்மை, கேட்போரை உள்ளடக்கியும் விலக்கியும் வரும். அதன் வேற்றுமை வடிவமான ‘நம்ம’ என்பதும் அத்தகையதே. 2011இல் ஓடத் தொடங்கிய பெங்களூர் மெட்ரோவின் ‘நம்ம மெட்ரோ’ என்னும் பெயரைத் தமிழர் கேட்டவுடன் தம்மையும் சேர்த்தே பொருள்கொள்வர். ஆனால் அந்த உளப்பாட்டைக் கன்னட இலக்கணம் கட்டாயமாக்குவதில்லை, சூழலே தருகிறது. வடிவ ஒற்றுமை மொழிபெயர்ப்பாளரை எளிதில் ஏமாற்றும். ஆங்கிலத்திலும் இவ்வேறுபாடு இன்மையால் ஆங்கில வழி மொழிபெயர்ப்போர்க்கும் இதே நிலைதான்.

தமிழிலோ ‘நாம்’ கேட்போரை உளப்படுத்தும், ‘நாங்கள்’ விலக்கும். பண்டைத் தமிழில் வினைமுற்று விகுதிகளிடையேயும் உளப்பாட்டு வேறுபாடு இருந்ததை உரையாசிரியர்கள் காட்டுவர். இவ்வேறுபாடு கேட்போரை மட்டுமே பற்றியது என்பதை மறத்தல் கூடாது. கதைசொல்லி வாசகரிடம் ‘நாங்கள்’ என்னும்போது விலக்கப்படுபவர் வாசகரே. அனிதா உள்ளே இருக்கிறாளா என்பது அங்கே வெளிப்படாது. அவளை நோக்கி வீட்டார் பேசும் உரையாடலில்தான் தேர்வு கட்டாயமாகிறது.

விளக்கத்திற்காக நாம் அமைத்த எடுத்துக்காட்டு ஒன்று: மாமியார் மருமகளிடம், “எங்கள் வீட்டில் இதைப் பேசுவதில்லை” என்றால் அவள் அயலாள் ஆகிறாள். “நம் வீட்டில் இதைப் பேசுவதில்லை” என்றால் அவளும் மறைவுக்கு உடந்தையாகுமாறு பணிக்கப்படுகிறாள். முன்னது அச்சுறுத்தலைத் தொடக்கத்திலேயே வெளிப்படுத்திவிடும். பின்னது அன்பின் உருவில் அதனை மறைக்கும். மூலமோ இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும். இவ்வகைக் கதையில் தவறான பெயர்ச்சொல் ஒன்று, முடிவை முதற்பக்கத்திலேயே கூறிவிடுவதற்கு ஒப்பாகும்.

இதற்குத் தமிழிலேயே வழியுண்டு. இன்றைய தமிழில் ‘நாம்’, ‘நாங்கள்’ ஆகிய இரண்டும் -ஓம் விகுதியையே ஏற்கின்றன. எழுவாயை நீக்கி, “இதைப் பேச மாட்டோம்” என்றால் வேறுபாடு வெளிப்படாது. உடைமைப் பொருளில் ‘இந்த வீட்டில்’ என்றோ, வாளா ‘வீட்டில்’ என்றோ கூறலாம். எனினும் ‘எங்களுக்கு’, ‘நமக்கு’ போன்ற நான்காம் வேற்றுமை வடிவங்களை எல்லா இடத்தும் தவிர்த்தல் இயலாது. அங்கே பேசுவோன் மருமகளை அக்கணத்தில் எங்கே நிறுத்துகிறான் என்று துணிந்த பின்னரே சொல்லைத் தெரிதல் வேண்டும். ஒரே பாத்திரம் ஓரிடத்தில் ‘நாம்’ என்றும் பிறிதோரிடத்தில் ‘நாங்கள்’ என்றும் கூறுமாயின், அம்மாற்றம் கதையின் போக்கால் விளைந்ததாக இருத்தல் வேண்டுமேயன்றிக் கவனக்குறைவால் நேர்ந்ததாக இருத்தல் கூடாது.

கன்னடமும் தமிழும் நெருங்கிய உறவுடைய மொழிகள் ஆதலின் மொழிபெயர்ப்பு எளிது எனக் கருதப்படுகிறது. ஒரு பெண் குடும்பத்தின் உள்ளே இருந்தாளா, வெளியே இருந்தாளா என்பதே வினாவாக அமைந்த இந்நூலில், விடையை முந்திச் சொல்லிவிடக்கூடியது அவ்வுறவால் ஒத்துத் தோன்றும் ‘நம்ம’ என்னும் சிறு சொல்லே எனலாம்.